அந்தோனியார் துடைக்காத எண்ணெய்

படிவத்தில் ‘தொழில்’ என்ற கட்டம் ஒரு தீப்பெட்டி அளவுதான் இருந்தது. அதற்குள் அஸீபா ‘மெசின் திருத்துநர்’ என்று நெருக்கி எழுதியிருந்தார். அரசாங்கக் கந்தோர் மேசைக்குப் பின்னால் இருந்த சிவதர்சினி அதை வாசித்துவிட்டுப் பேனையின் பின்பக்கத்தால் கட்டத்தைத் தட்டினார்.

“என்ன மெசின் அம்மா?”

“தையல் மெசின், மிஸ். முப்பது வருசமாத் திருத்துறன்.”

“தையல் மெசின் வீட்டுப் பொருள். வீட்டுப் பொருளைத் திருத்துறது வீட்டு வேலைக்குள்ளதான் வரும்.”

“அப்ப எங்கட ஊரில தண்ணி மோட்டார் திருத்துற றிஷாட்?”

“அவர் தொழில்நுட்பவியலாளர்.”

“அவர் திருத்துற மோட்டாரும் வீட்டுக் கிணத்திலதானே மிஸ் கிடக்குது.”

சிவதர்சினி சிரிப்பை அடக்கிக்கொண்டு சுற்றறிக்கையைப் புரட்டினார். சுற்றறிக்கைக்குச் சிரிப்பு வராது. ஆண் திருகாணி முடுக்கினால் தொழில், பெண் முடுக்கினால் வீட்டு வேலை என்று அதை எழுதியவர் நேரே எழுதவில்லை. அவ்வளவு துணிவு அவருக்கு இருக்கவில்லை. ‘வீட்டுப் பாவனைப் பொருட்கள் நீங்கலாக’ என்று ஒரு வரியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருப்பார்.

“வீட்டுப் பொருள் இல்லாத ஏதாவது மெசினைத் திருத்தினதா ஒரு நிறுவனத்திட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ. யூன் முப்பதுக்கு முதல். பிறகு அறையெல்லாம் குடுத்து முடிஞ்சிடும்.”

அறை என்பது புதிய சந்தைக் கட்டடத்தில் தொழில் செய்பவர்களுக்கென்று ஒதுக்கிய ஆறு அறைகளில் ஒன்று. அஸீபாவுக்கு அது வேண்டும். விடத்தல்தீவில், தன் வீட்டு முற்றத்துத் தகரக் கொட்டிலில்தான் அவர் வேலை செய்கிறார். காலையில் பளபளக்கத் துடைத்து வைத்த இரும்பைக் கடற்காற்று மாலைக்குள் துருவேற்றிவிடும். தன் வேலையில் பாதி நேரம் காற்று செய்த வேலையை அழிப்பதிலேயே போகிறது என்பது அவருடைய கணக்கு. நான்கு சுவரும் ஒரு கதவும் இருந்தால் காற்றோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெண் நான்கு சுவருக்கு ஆசைப்படுவது பெரிய ஆசை இல்லை. ஆனால் அஸீபாவின் சுவர்களுக்கு ஒரு வரலாறு உண்டு. தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில், முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஆயுதம் ஏந்திய இயக்கம் சொன்னபோது அவருக்குப் பத்தொன்பது வயது. உம்மாவின் தையல் மெசின் பாதித் தைத்த சட்டையோடு வீட்டிலேயே நின்றுவிட்டது. புத்தளத்து முகாமில், ஓலைக் குடிசையில், ஒரு தொண்டு நிறுவனம் பன்னிரண்டு மெசின்கள் கொடுத்தது. படம் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆறு மாதத்தில் பன்னிரண்டும் நின்றன. படம் பிடித்தவர்கள் திருத்த வரவில்லை. அஸீபா ஒன்றைக் கழற்றினார். திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகாணிகள் மிஞ்சின. இரண்டாவது மெசினில் ஒன்று மிஞ்சியது. மூன்றாவதில் ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் படித்த பட்டம் அவ்வளவுதான். யுத்தம் முடிந்து ஊர் திரும்பியபோது கையில் இருந்ததும் அதுதான்.

கடிதத்துக்கு வழி சொன்னவர் டிலோஜினி ரீச்சர். பக்கத்து ஊரான சிப்பித்துறையின் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பிக்கிறவர், அஸீபாவின் பழைய வாடிக்கையாளர். மெசினைக் கொட்டிலில் இறக்கிவைத்துக்கொண்டே கேட்டார்:

“ராத்தா, எங்கட கோயில் பெட்டியை ஒருக்காப் பாக்கிறீங்களோ? அதை வீட்டுப் பொருள் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. ஒரு வீட்டுக்குள்ளயும் போகாது.”

சிப்பித்துறை அந்தோனியார் கோயிலில் இருக்கும் அந்தப் பெட்டி, பார்வைக்குக் கோயில்களில் வாசிக்கும் ஒரு சிறிய ஓகன் இசைப்பெட்டி போல இருக்கும். எழுபதுகளில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கத்தோலிக்கச் சுவாமி கப்பலில் கொண்டுவந்தது. முப்பத்தைந்து கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே தனித்தனி ஒலிநாடா, கசெட்டில் இருக்குமே அதுபோல, ஆனால் அகலமானது. கட்டையை அழுத்தினால் நாடா சுழலும் ஒரு கம்பியோடு ஒட்டி ஓடும். அதில் எப்போதோ எங்கேயோ பதிந்து வைத்த குரல் பாடும். எட்டு விநாடி. அதற்கு மேல் நாடா இல்லை. விரலை எடுத்தால் ஸ்பிரிங் நாடாவைப் பின்னுக்கு இழுத்துவிடும். வயலினும் புல்லாங்குழலும் உண்டு என்றாலும், ஊருக்குப் பிடித்தது பெண்கள் கூட்டமாகப் பாடும் குரல். அதைப் பாடுகிறவர்கள் வெள்ளைக்காரக் கன்னியாஸ்திரிகள் என்று ஐம்பது வருடங்களாக ஊர் நம்புகிறது. காசுக்குப் பாடிய யாரோ நான்கு பேராகத்தான் இருக்கும். ஆனால் சிப்பித்துறைக் கிழவிகள் அவர்களுக்காகச் செபமாலை சொல்லியிருக்கிறார்கள். பெட்டியின் பெயரே ‘கன்னியர்’.

யுத்தத்தில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தபோது கன்னியர் இடம்பெயரவில்லை. யாரோ தங்கள் தேநீர்க் கோப்பையை வைத்து எடுத்த வட்டங்கள் மாத்திரம் மேல்மூடியில் இருக்கின்றன. அத்தனைக்கும் தப்பிப் பாடியவர்கள், போன டிசெம்பர் நத்தார்ப் பூசையில் சாராயம் குடித்தவர்கள்போல உறுமினார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு நிபுணர் பெட்டியின் முன்பக்கத்தைக் கழற்றி, மின்சாரப் பலகை செத்துவிட்டது, இனிப் புதுக் கீபோர்ட் வாங்குங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அஸீபா போன நாளில், கோயிலைத் திறந்துவிட்டவர் சந்தியோகு. கோயிலைத் திறந்து பூட்டுவது, மணி அடிப்பது, மெழுகுதிரி ஏற்றுவது எல்லாம் அவர்தான்; கதவுச் சாவிகள் கோத்த திறப்புக் கொத்து அவர் இடுப்பில்தான் இருக்கும். நாற்பது வருடம் கடலுக்குப் போன மனிதர். முழங்கால் ஒத்துழைக்காததால் இப்போது கரையில் நின்று அந்தோனியாருக்கு உதவி செய்கிறார்.

“தங்கச்சி, கொழும்பு ஆளே கைவிட்டது. நீங்கள் என்ன செய்யப் போறியள்?”

“அவர் முன்பக்கத்தைத் திறந்தவர். நான் பின்பக்கத்தைத் திறக்கிறன் அண்ணன்.”

பின்பலகையைக் கழற்றியதும் அஸீபா உள்ளே பார்க்கவில்லை. முகர்ந்தார். பிறகு விரலை விட்டுச் சுழலும் கம்பியைத் தொட்டுப் பார்த்தார். விரல் வழுக்கியது. படகு எஞ்சினுக்கு மண்ணெண்ணெயோடு கலக்கும் எண்ணெய். நாடாக்களை அழுத்தும் றப்பர்ச் சில்லுகளில் அது. நாடாக்களின் ஓரங்களில் அது. ஸ்பிரிங்குகளில் தடிப்பாகக் கிறீஸ் வேறு. பலகை சாகவில்லை. சுழலும் கம்பி நாடாவைப் பிடித்து இழுக்க முடியாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. அதனால்தான் கன்னியர் உறுமினார்கள்.

வாடைக் காலத்தில் கடலுக்குப் போகாதபோது, எஞ்சினைக் கழற்றி, இரும்பு தெரிகிற இடமெல்லாம் எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றி வைப்பது இந்தக் கரையில் குழந்தைக்கும் தெரியும். உப்புக்காற்றிலிருந்து ஒரு பொருளைக் காப்பாற்ற அதைவிட வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. கன்னியருக்கும் அந்த மரியாதையைத்தான் யாரோ செய்திருந்தார்கள்.

அஸீபா தலையைத் திருப்பினார். சந்தியோகு அந்தோனியார் சுரூபத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எத்தனை போத்தல் அண்ணன்?”

“என்னது?”

“எண்ணெய்.”

சந்தியோகு வாசலைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் தன் காலைப் பார்த்தார். “அரைப் போத்தல்தான். கார்த்திகை மழை. துருப்பிடிச்சிடும் எண்டு…” குரல் இறங்கியது. “நத்தாருக்கு அது உறுமினபோது பாதர் யாரையோ வாய்க்குள்ள திட்டினவர். அது நான்தான் எண்டு அவருக்குத் தெரியாது. சொல்லிப்போடாதேங்கோ தங்கச்சி. கோயில் திறப்பை வாங்கிப்போடுவினம்.”

“நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்.”

சொன்ன சொல்லின் விலை அப்போது அவருக்குத் தெரியாது.

வேலை பதினொரு நாள் போனது. பங்குத்தந்தை ஜெனோஜன் பெட்டியை எட்டிப் பார்த்து, திருத்தினால் நிச்சயம் கடிதம் தருவதாகச் சொன்னார். இளம் சுவாமி, நல்லவர், யாருக்கும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். அஸீபா பாமசியில் ஸ்பிரிட் வாங்கி, ஒவ்வொரு நாடாவையும் பழைய பருத்தித் துணியால் ஒரு சாண் ஒரு சாணாகத் துடைத்தார். குழந்தைக்குக் காது துடைப்பதுபோல, அழுத்தினாலும் பழுது, விட்டாலும் பழுது. எண்ணெயில் ஊதிப்போன றப்பர்ச் சில்லுகளுக்குப் பதிலாக, தையல் மெசினில் நூல் சுற்றும் சில்லுக்குப் போடும் றப்பர் வளையங்களை மாட்டி, அரத்தாளில் தேய்த்து உருண்டையாக்கினார். நாடாவைக் கம்பியோடு அழுத்தும் கம்பளித் துண்டுகள் தேய்ந்து போயிருந்தன. நூல்கட்டைக்கு அடியில் வைக்கும் சிவப்புக் கம்பளி வட்டங்களை வெட்டி ஒட்டினார். முப்பத்தைந்து கட்டைக்கும் முப்பத்தைந்து வட்டம்.

“ஒரு தையல் மெசினை முழுசா இதுக்குள்ள விட்டிட்டீங்கள்,” என்றார் டிலோஜினி.

“இதுவும் தையல் மெசின்தான் ரீச்சர். நூலுக்குப் பதிலா நாடா. அங்க நூல் இறுக்கம் பிழைச்சால் துணி சுருங்கும், இங்க பாட்டுச் சுருங்கும்.”

பன்னிரண்டாம் நாள் செவ்வாய்க்கிழமை. அந்தோனியாருக்குச் செவ்வாய் விசேஷம், பின்னேர நவநாள் செபத்துக்குப் பெண்கள் கூடுவார்கள். அஸீபாவுக்கு அது நினைவில்லை. பெட்டிக்குப் பின்னால் நிலத்தில் உட்கார்ந்து, ஒரு ஸ்பிரிங் சரியாகத் திரும்புகிறதா என்று பார்க்க, கட்டையின் வால்பக்கத்தை உள்ளிருந்தே விரலால் இழுத்தார்.

கன்னியர் பாடினார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, தெளிவாக, எட்டு விநாடி.

முன்னால் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. கதிரையில் ஆளில்லை. கட்டையில் கை இல்லை. கட்டை தானாக இறங்கியது, கன்னியர் பாடினார்கள். முன்வரிசையில் இருந்த திரேசம்மா முழந்தாளில் விழுந்தார். அவருக்குப் பின்னால் வரிசையாக எல்லோரும் விழுந்தார்கள். அஸீபா, தன் வேலையில் திருப்திப்பட்டு, அடுத்த கட்டையையும் இழுத்தார்.

அவர் முகத்தில் கிறீஸோடு எழுந்து நின்றபோது பாதிப் பேர் பாதரைக் கூப்பிட ஓடிவிட்டிருந்தார்கள்.

“நான்தான் அழுத்தினனான்,” என்றார் அஸீபா.

“நீங்கள் பின்னால இருந்தனீங்கள் பிள்ளை,” என்று திரேசம்மா அன்போடு விளங்கப்படுத்தினார். “உங்களுக்குத் தெரியாது. முன்னால நடந்ததை நாங்கள் கண்டனாங்கள்.”

கண்ணால் கண்டவரோடு என்ன வாதம் செய்வது? கண்டது உண்மை. காணாததுதான் பின்னால் இருந்தது. பாதர் ஓடிவந்து, சந்தியோகைப் பார்த்து என்ன நடந்தது என்று கேட்டார். அந்த ஒரு கணத்தில் சந்தியோகின் மூளை நாற்பது வருடக் கடல் அனுபவத்தோடு வேலை செய்தது. மனிதர் திருத்தினார் என்றால், எப்படிப் பழுதானது என்று கேள்வி வரும். புனிதர் திருத்தினார் என்றால் யார் கேட்பார்கள்?

“அந்தோனியார்தான் பாதர்,” என்றார் அவர், கண்கலங்கி. கண்ணீர் உண்மையானது. பயத்தில் வந்தது.

அடுத்த செவ்வாய்க்கு நானாட்டானிலிருந்து இரண்டு ட்ரக்டரில் ஆட்கள் வந்தார்கள். அதற்கடுத்த செவ்வாய்க்குக் கட்டுக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பஸ். கோயில் புதுமைகளின், அதாவது அற்புதங்களின், ஒரு குணம் இது: அவற்றுக்குப் போக்குவரத்து வசதி உடனே கிடைத்துவிடும். அஸீபாவின் ஊருக்குப் பஸ் விடச் சொல்லிப் போட்ட மனு மட்டும் இன்னும் ஏதோவொரு கோப்புக்குள் தூங்குகிறது.

பாதர் சொன்னபடி கடிதம் கொடுத்தார். அஸீபா அதை நான்காக மடித்து, பொலித்தீனில் சுற்றிக் கந்தோருக்குக் கொண்டுபோனார். சிவதர்சினி வாசித்தார். ஒருமுறை. பிறகு சத்தமாக.

“‘புனித அந்தோனியாரின் பரிந்துரையால் எமது இசைக்கருவி மீண்டும் ஒலித்தது. இவ்வேளையில் திருமதி அஸீபா அவர்கள் அருகிலிருந்து ஒத்துழைப்பு நல்கினார்.’ அம்மா, இதில நீங்கள் திருத்தினதா இல்லையே. அந்தோனியார் திருத்தினார் எண்டுதான் கிடக்குது.”

“ஓம் மிஸ்.”

“அவர் அறைக்கு விண்ணப்பிக்கேல்லை.”

“அவருக்கு ஏற்கெனவே பெரிய கட்டடம் இருக்குது மிஸ்.”

சிவதர்சினி இந்த முறை சிரித்தேவிட்டார். ஆனால் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார். யூன் முப்பதுக்கு இன்னும் நான்கு வாரம் இருந்தது.

அஸீபா பாதரிடம் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். வேலையைச் சொன்னால் எண்ணெயைச் சொல்ல வேண்டும், எண்ணெயைச் சொன்னால் ஆளைச் சொல்ல வேண்டும். கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. ஊரை விட்டு ஒருமுறை துரத்தப்பட்டவர், ஒரு கிழவரின் கையிலிருந்து கோயில் திறப்பைப் பறிக்கக் காரணமாக இருக்க மாட்டார். கொட்டிலில் உட்கார்ந்து துரு துடைத்தார். சந்தியோகு அந்தப் பக்கமாகச் சைக்கிளில் போகும்போதெல்லாம் முகத்தைக் கடல்பக்கம் திருப்பிக்கொண்டு போனார்.

திருவிழா யூன் பதின்மூன்று. பத்தாம் திகதி பாதரே மோட்டார் சைக்கிளில் கொட்டிலுக்கு வந்து இறங்கினார்.

“அஸீபாக்கா, கன்னியர் திரும்ப உறுமுறாங்கள். கொஞ்சம் வாங்கோ.”

போய்ப் பார்த்தபோது அஸீபாவுக்கு உள்ளே கையை விடவே தேவைப்படவில்லை. கட்டைகளிலிருந்து தேங்காயெண்ணெய் சொட்டியது. புதுமைப் பெட்டி என்று பெயர் வந்ததும், செவ்வாய் தோறும் வந்தவர்கள் அந்தோனியாரின் விளக்கிலிருந்து எண்ணெயைத் தொட்டுக் கட்டைகளில் பூசி, பிறகு தங்கள் நெற்றியிலும் முழங்காலிலும் பூசியிருந்தார்கள். முழங்கால்களுக்கு என்ன நடந்ததோ தெரியாது. கன்னியருக்கு நடந்தது எல்லோருக்கும் கேட்டது. பாட்டுப் பழக வந்த டிலோஜினியும், பூக்கட்டிக்கொண்டிருந்த திரேசம்மாவும் சுற்றி நின்றார்கள். சந்தியோகு தூணுக்குப் பின்னால் பாதி நின்றார்.

“எப்ப செய்து முடிப்பீங்கள்?” என்று பாதர் கேட்டார்.

அஸீபா பின்பலகையைத் திரும்பச் சாத்தினார்.

“நான் அருகிலிருந்து ஒத்துழைக்கிறனான் மட்டும்தான் பாதர். போனமுறை திருத்தினவரைக் கூப்பிடுங்கோ. அவர் வேலையைத் தொடங்கினால் நானும் அருகில வந்து நிக்கிறன்.”

பாதரின் காது சிவந்தது. தான் எழுதிய வரி தனக்கு முன்னாலேயே வந்து நிற்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. திரேசம்மா சுரூபத்தைப் பார்த்தார். சுரூபம் குழந்தை யேசுவைத் தூக்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்தன.

அஸீபா ஒருவரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. தன் திருகாணி முடுக்கிகளைத் துணியில் சுற்றத் தொடங்கினார். கடைசி முடுக்கியைச் சுற்றுவதற்குள் தூணுக்குப் பின்னாலிருந்து இருமல் கேட்டது.

“பாதர்,” என்றார் சந்தியோகு. “கன்னியருக்கு முதல்ல எண்ணெய் போட்டது நான்தான். கார்த்திகையில. எஞ்சினுக்குப் போடுற எண்ணெய். கிறீஸும் வச்சனான்.”

“கிறீஸுமோ?”

“கொஞ்சம். அதைத் துடைச்சது இந்தத் தங்கச்சி. பதினொரு நாள். அண்டைக்குச் செவ்வாய்க்கிழமை கட்டையை இழுத்ததும் இவதான், பின்னால இருந்து. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொன்னனான்.” அவர் இடுப்பிலிருந்த திறப்புக் கொத்தைக் கழற்றி நீட்டினார். “இந்தாங்கோ.”

பாதர் திறப்பை வாங்கவில்லை. பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தார். பிறகு, “நானும் கேட்டிருக்கலாம்,” என்றார். “பின்னால போய் ஒருக்காப் பாத்திருந்தால் முடிஞ்சுது. பஸ் வந்தது எனக்கும் சந்தோசமா இருந்தது.”

“அப்ப புதுமை இல்லையோ?” என்று திரேசம்மா கேட்டார். குரலில் ஏமாற்றத்தை விடச் சந்தேகம்தான் இருந்தது.

“பதினொரு நாள் ஒரு ஆள் நிலத்தில இருந்து நாடா துடைச்சது உங்களுக்குப் போதாதோ அன்ரி?” என்றார் டிலோஜினி.

திரேசம்மா யோசித்தார். “நான் எண்டால் மூண்டாம் நாள் எழும்பிப் போயிருப்பன்,” என்று ஒப்புக்கொண்டு, பூக்கட்டப் போனார்.

அஸீபா முடுக்கிகளைத் திரும்ப விரித்தார். விளக்கெண்ணெய் மேலோட்டமாகத்தான் இறங்கியிருந்தது. மூன்று நாளில் முடிந்தது. துடைக்கும் துணியை நனைத்துக் கொடுத்தவர் சந்தியோகு. கட்டைகளுக்கு மேலே ஒரு மட்டையில் ‘எண்ணெய் பூச வேண்டாம். எந்த எண்ணெயும்’ என்று எழுதித் தொங்கவிட்டவரும் அவர்தான். திருவிழாப் பூசையில் கன்னியர் பாடினார்கள். எட்டு எட்டு விநாடியாக.

பதினேழாம் திகதி கந்தோருக்கு இரண்டு பேர் போனார்கள். புதுக் கடிதத்தில் ஐந்து வரி. எண்ணெய், றப்பர், கம்பளி, நாடா எல்லாம் இருந்தன. அந்தோனியார் இல்லை. சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட வந்த சந்தியோகிடம் சிவதர்சினி கேட்டார்:

“உங்கட தொழில் ஐயா?”

“கோயில் வேலை. கதவு, மணி, மெழுகுதிரி.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்தார். “மெசின் ஒண்டும் தொடுறதில்லை.”

சிவதர்சினி புதுப் படிவத்தின் தீப்பெட்டிக் கட்டத்தில் ‘இயந்திரத் திருத்துநர்’ என்று எழுதி, முத்திரையைக் குத்தி, அறைக்கான தாளைத் தள்ளினார். தள்ளிய கையை உடனே எடுக்கவில்லை.

“அம்மா, எங்கட வீட்டிலயும் ஒரு தையல் மெசின் கிடக்குது. தையல் விட்டு விட்டு விழுது.”

அஸீபா தாளை நான்காக மடித்துப் பொலித்தீனுக்குள் வைத்தார்.

“அது வீட்டு வேலை எல்லோ மிஸ். நான் இப்ப வீட்டு வேலை செய்யிறதில்லை.” சிவதர்சினியின் முகம் விழுவதை நன்றாகப் பார்த்து முடித்த பிறகே அடுத்ததைச் சொன்னார். “அறை திறந்த பிறகு கொண்டு வாங்கோ. எண்ணெய் மட்டும் போட்டிடாதேங்கோ.”